விளிம்பில் தொடங்கும் வலை: மதகுத் தளத்தின் அடியில் ஓடும் கசிவைக் கணக்கிடப் பழகுவோருக்கு

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் ஃபைனைட் எலிமென்ட் (வடிவத்தைச் சிறு கண்கள் கொண்ட வலையாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) கோப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வடிவத்தைக் கவனமாக வரைந்திருப்பார்கள். மண்ணின் பண்புகளைச் சரியாகக் கொடுத்திருப்பார்கள். வலை என்று வந்ததும், ‘கண்ணின் அளவு’ என்று மென்பொருள் கேட்கும் பெட்டியில் ஏதோ ஓர் எண்ணை இட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். பெரிய எண் இட்டவருக்குத் தேவையான இடத்தில் விடை கிடைக்காது. சிறிய எண் இட்டவரின் மடிக்கணினி நள்ளிரவு வரை ஓடிக்கொண்டிருக்கும்.

வலை முழுவதற்கும் ஒரே அளவு என்று நினைப்பதுதான் இங்கே தவறு. எந்த விளிம்பில் எத்தனை துண்டு, எந்த முனையில் நெருக்கம், எந்த முனையில் அகலம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். உள்பகுதி பெரும்பாலும் விளிம்புகளைப் பார்த்துத் தானே அமைந்துகொள்ளும். அபாகஸ் மென்பொருளில் இந்த வேலைக்கு ‘சீட்’, அதாவது விதை என்று பெயர். விதைப்பின் நெருக்கத்தைக் கையாலேயே அறிந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையில் வாய்க்கால்களின் குறுக்கே நிற்கும் நீரொழுங்கிகளுக்கு அடியில் பாறை இல்லை, மணல்தான் இருக்கிறது. மேல்புறம் தண்ணீரைத் தேக்கினால் அது தளத்தின் அடியில் புகுந்து, மணலுக்குள் ஊர்ந்து, கீழ்புறம் மேலெழும். எழும் வேகம் அளவு மீறினால் மணலையும் தூக்கிக்கொண்டு வரும். பிறகு தளத்தின் அடி குடைபட்டுப் போகும். கொள்ளிடம் கரைபுரளும் நாட்களில் கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கொப்பளித்து எழுவதையும், சவுக்குக் கட்டைகளை ஊன்றி மணல் மூட்டைகளை அடுக்கி அதை அடக்குவதையும் பார்த்தவர்களுக்கு இதன் அச்சம் தெரியும்.

எடுத்துக்காட்டின் அளவுகள் இவை. தளத்தின் நீளம் 12 மீட்டர். அதன் கீழ்புற முனையில் 3 மீட்டர் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கிக் கசிவை மறிக்கும் கான்கிரீட் கட்-ஆஃப் சுவர், தடிமன் 0.3 மீட்டர். நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டர். தளத்தின் இரு பக்கமும் 40 மீட்டர் வாய்க்கால் படுகை, கீழே 40 மீட்டர் ஆழம் வரை மணல். ஆக, வரையும் மண் 92 மீட்டர் அகலமும் 40 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு செவ்வகம். அதன் மேல்விளிம்பில் சுவர் இருக்கும் இடத்தில் ஒரு ஒடுங்கிய வெட்டு. தளத்தின் தடிமனைப் புறக்கணித்து, அதன் அடிப்பரப்பைப் படுகை மட்டத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இதன் விடை முன்கூட்டியே தெரியும். பொறியாளர் ஏ. என். கோஸ்லா 1936-இல் வெளியிட்ட முறைப்படி, கீழ்புறம் தண்ணீர் வெளியேறும் இடத்தின் நீர்ச்சரிவை, அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்குள் நீர்மட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை, கையாலேயே கணக்கிடலாம். தள நீளத்தைச் சுவரின் ஆழத்தால் வகுத்தால் 4. அதன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.123. அதோடு மீண்டும் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் 2.56. இதன் வர்க்கமூலம் 1.60, அதைப் பையால் (π) பெருக்கினால் 5.03. நீர்மட்ட வேறுபாட்டைச் சுவரின் ஆழத்தால் வகுத்தால் 1. அந்த ஒன்றை 5.03-ஆல் வகுக்க, விடை 0.199, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. வலை பழகுபவர்கள் விடை தெரிந்த கணக்கில்தான் பழக வேண்டும். தெரியாத கணக்கில் பழகினால் வலை தவறா, கணக்கு தவறா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

முதல் வேலை: தாளில் விளிம்புகளை வரைவது

மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் வடிவத்தை வரைந்து எல்லா மூலைகளையும் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: தண்ணீர் இந்த மூலையைச் சுற்றி ஓடுகிறதா, இந்த மூலைக்குள் தேங்குகிறதா?

வாய்க்கால் முக்கில் நின்று பார்த்திருப்பீர்கள். கரை உள்வாங்கிய மூலையில் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் அசையாமல் கிடக்கும். கரை நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடி மண்ணை அரிக்கும். மணலுக்குள் ஓடும் கசிவுக்கும் இதே குணம்தான். சுவரின் அடியில் இருக்கும் இரண்டு மூலைகள் மூக்கு. தண்ணீர் அவற்றைச் சுற்றித்தான் திரும்பியாக வேண்டும். சுவர் தளத்தோடு சேரும் உள்மூலை தேக்கம்; அங்கே ஓட்டம் சுழியத்தை நெருங்கும். புதியவர்கள் மூலை என்றாலே நெருக்கம் வைப்பார்கள். அந்த உள்மூலையில் வைக்கும் ஒவ்வொரு கண்ணும் வீண்.

இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. தளம் தொடங்கும் மேல்புற முனையில் தண்ணீர் படுகையிலிருந்து நேராகத் தளத்தின் அடியில் நுழைகிறது. அங்கே மூலையே இல்லை, கோடு நேராகத்தான் போகிறது. ஆனாலும் ஓட்டம் மிகக் கடுமையாக இருக்கும், ஏனெனில் ஒரே கோட்டில் ஒரு பாதி நீரை விடுகிறது, மறு பாதி மறிக்கிறது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, எல்லை நிபந்தனையை, அதாவது எந்த விளிம்பு நீரை விடுகிறது, எது மறிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, சுவரின் வெளிப்பக்கம் கீழ்புறப் படுகையைச் சந்திக்கும் இடம். அங்கே ஓட்டம் சாதுவானதுதான். ஆனால் நமக்கு வேண்டிய விடை அங்கேதான் இருக்கிறது, அதனால் நெருக்கம் வேண்டும்.

ஆக, மூன்று இடங்களில் நெருக்கம்: தளத்தின் மேல்புற முனை, சுவரின் அடி, வெளியேறும் இடம். செவ்வகத்தின் தொலைவான மூன்று பக்கங்களிலும் கண்கள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது: முதல் கண்ணின் அளவு

சுவரின் தடிமன் 0.3 மீட்டர். அந்தச் சின்ன விளிம்பில் மூன்று துண்டாவது வேண்டும் என்று வைத்தால் முதல் கண் 0.1 மீட்டர் ஆகிறது. எப்போதும் வடிவத்தின் மிகச் சிறிய முக்கியமான விளிம்பிலிருந்து தொடங்குங்கள். இந்த 0.1-ஐச் செவ்வகம் முழுவதும் விரித்தால் 3,68,000 சதுரங்கள் வரும். அதில் பெரும்பகுதி, எதுவும் நடக்காத ஆழ்மணலில் கிடக்கும்.

அடுத்து, ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் உள்ள விகிதம். இதை வளர்விகிதம் என்று அழைக்கிறேன். 1.2 நல்ல தொடக்கம். 1.5-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த கண்களின் அளவு எகிறிக் குதித்து, விடையின் நயம் கெடும்.

மூன்றாவது: ஒவ்வொரு விளிம்புக்கும் கணக்கு

கீழ்புறப் படுகை 40 மீட்டர். 0.1-இல் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.2 மடங்கு என்று வளர்ந்தால் 24 துண்டுகளில் கோடு முடிந்துவிடும். கடைசித் துண்டு 6.6 மீட்டர் இருக்கும். ஒரே அளவில் வெட்டினால் இதே கோட்டுக்கு 400 துண்டுகள் தேவை. இந்த ஒரு விளிம்பைப் பொறுமையாகக் கையால் போட்டுப் பாருங்கள். கணிப்பானில் 1.2-ஐ 24 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்து, 0.2-ஆல் வகுத்து, 0.1-ஆல் பெருக்கினால் 39 மீட்டரும் சொச்சமும் வரும். 40-க்குக் குறைவதை, எல்லாத் துண்டுகளையும் சற்றே நீட்டி மென்பொருள் சரிசெய்துகொள்ளும். இதை ஒருமுறை செய்தவர்களுக்குப் பிறகு எந்த மென்பொருளின் பெட்டியும் புதிராக இருக்காது.

மேல்புறப் படுகைக்கும் அதே 24, நெருக்கம் தளத்தின் பக்கம்.

தளத்தின் அடிப்பரப்பை ஒரே விளிம்பாக விடாதீர்கள். மேல்புற முனையிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்து இரண்டாக வெட்டுங்கள். முதல் 3 மீட்டரில் 11 துண்டுகள், நெருக்கம் மேல்புற முனையில். கடைசித் துண்டு ஏறத்தாழ 0.6 மீட்டரில் நிற்கும். மிச்சமுள்ள 8.7 மீட்டரை ஒரே அளவில் 14 துண்டுகளாக்கினால் அதுவும் 0.6 மீட்டர்தான். இரண்டு பகுதிகளும் தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். நீண்ட விளிம்பைத் தேவையான இடத்தில் புள்ளி வைத்து வெட்டும் பழக்கம் இந்தத் தொழிலில் மிகவும் பயன்படும். ஆனால் பலர், வரைந்த கோடு வரைந்தபடியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சுவரின் உள்பக்கம் 3 மீட்டர்: 11 துண்டுகள், நெருக்கம் கீழே. மேலே இருப்பது தேங்கும் மூலை, அங்கே 0.6 மீட்டர் போதும்; தளத்தின் 0.6-ஓடு அது பொருந்தியும் விடுகிறது. சுவரின் அடி: 3 துண்டுகள். சுவரின் வெளிப்பக்கம் 3 மீட்டர், இதற்கு இரண்டு முனையிலும் நெருக்கம் வேண்டும். இருபக்க நெருக்கம் வைத்தால் 16 துண்டுகள், ஒரே அளவில் வைத்தால் 30. பதினான்கு துண்டுகளை மிச்சம் பிடிக்க இவ்வளவு சிரமம் வேண்டாம். ஒரே அளவில் 30 வைத்துவிடுங்கள். விடையைப் படிக்கப்போகும் விளிம்பு அது, அங்கே தாராளமாக இருப்பது நல்லது.

தொலைவான பக்கங்கள் இரண்டும் தலா 6, அடிப்பக்கம் 14. எல்லாம் சேர்த்து 143 துண்டுகள். எல்லா விளிம்பையும் 0.1-ஆல் வெட்டியிருந்தால் 2,700 ஆகியிருக்கும்.

இந்த 143-ஐ ஒரு கணம் பாருங்கள். முக்கோண வலைக்கு இது சரியானதே. ஆனால் ஒரு பரப்பை நாற்கோணங்களால் மட்டும் நிரப்ப வேண்டுமென்றால் அதன் எல்லையில் இருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும். 143 ஒற்றைப்படை. மென்பொருள் எங்கோ ஒரு முக்கோணத்தைச் செருகும், அல்லது நீங்கள் கொடுத்த எண்ணைக் கேட்காமல் மாற்றும், அல்லது முடியாது என்று நின்றுவிடும். அடிப்பக்கத்தை 15 ஆக்கினால் தீர்ந்தது. செய்தி வாசகத்தை மட்டும் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் காரணம் தேடியவர்களை எனக்குத் தெரியும்; காரணம் இந்த ஒற்றைப்படைதான்.

நான்காவது: மென்பொருளிடம் அதன் மொழியில் சொல்வது

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் ஒரே விஷயத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எண்ணாகக் கேட்கிறது.

அபாகஸில் விளிம்பைத் தேர்ந்தெடுத்து ‘சீட் எட்ஜஸ்’ போனால் எண்ணிக்கையால் விதைப்பதா, அளவால் விதைப்பதா என்று கேட்கும். எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்து 24 கொடுங்கள். ‘பயாஸ்’ என்ற இடத்தில் ஒருபக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் விகிதம் கேட்கும். அது கேட்பது மிகப் பெரிய துண்டுக்கும் மிகச் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதம். நம் விளிம்பில் அது 66. ஆன்சிஸிலும் விளிம்புக்கு ‘சைஸிங்’ வைத்து ‘பயாஸ் ஃபேக்டர்’ கொடுக்கும்போது இதே 66-தான்.

ஜிமெஷ் இலவச மென்பொருள், மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அதில் ‘ட்ரான்ஸ்ஃபைனைட் கர்வ்’ கட்டளையோடு ‘ப்ரோக்ரெஷன்’ என்று கொடுப்போம். இந்த ப்ரோக்ரெஷன் அடுத்தடுத்த துண்டுகளின் விகிதம், அதாவது 1.2. அபாகஸ் பழகிய கையோடு இங்கே 66 என்று கொடுத்தால் துண்டுகள் ஒவ்வொன்றும் 66 மடங்காக வளர்ந்து, கடைசித் துண்டே கிட்டத்தட்ட மொத்தக் கோட்டையும் விழுங்கிவிடும். மற்ற 23-ம் முதல் முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வளர்விகிதத்தை, துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அத்தனை முறை பெருக்கினால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள விகிதம். 1.2-ஐ 23 முறை பெருக்கினால் 66.

ஜிமெஷில் இன்னொரு வேறுபாடு: அந்தக் கட்டளை கேட்கும் எண்ணிக்கை துண்டுகளுடையது அல்ல, துண்டுகளின் முனைப் புள்ளிகளான கணுக்களுடையது. 24 துண்டுக்கு 25 கொடுக்க வேண்டும். வேலிக்கும் கட்டைக்கும் உள்ள கணக்குதான். ஆனால் எதிரெதிர் விளிம்புகள் பொருந்த வேண்டிய வலையில் இந்த ஒன்று பிசகினால் எல்லாம் பிசகும். இருபக்க நெருக்கத்துக்கு அதில் ‘பம்ப்’ என்ற தேர்வு இருக்கிறது.

சலோமே என்ற மென்பொருளில் விளிம்புக்கு ‘சப்-மெஷ்’ ஒன்றை உருவாக்கி, ‘வயர் டிஸ்கிரெடைசேஷன்’ என்பதன் கீழ் துண்டுகளின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம். சொல் மாறினாலும் வேலை அதேதான்.

அடுத்தது திசை. ஒவ்வொரு விளிம்புக்கும் தொடக்கம், முடிவு என்று மென்பொருள் தனக்குள் ஒரு திசை வைத்திருக்கும். நீங்கள் கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தீர்களோ அதைப் பொறுத்து நெருக்கம் சுவரின் பக்கம் விழலாம், 40 மீட்டர் தள்ளியும் விழலாம். ஜிமெஷில் விளிம்பு எண்ணுக்கு முன் கழித்தல் குறி இட்டால் திசை திரும்பும். அபாகஸில் நெருக்கத்தைப் புரட்டிப்போட அந்தப் பெட்டியிலேயே வழி உண்டு.

அதனால் பரப்பு வலையை உடனே போடாதீர்கள். ஜிமெஷில் விசைப்பலகையின் 1-ஐ அழுத்தினால் விளிம்புகள் மட்டும் துண்டுபடும். 2-ஐ அழுத்தினால்தான் பரப்பு நிரம்பும். ஒன்றோடு நின்று, தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விளிம்பாக விரலால் தொட்டுச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. நெருக்கம் தலைகீழாக விழுந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பரப்பு நிரம்பிய பிறகு அது கண்ணில் படுவது கடினம், விடை வந்த பிறகு இன்னும் கடினம்.

எண்ணிக்கையைப் பூட்டவும் மறக்காதீர்கள். அபாகஸில் விதை எண்ணிக்கையை மென்பொருள் கூட்டலாமா, குறைக்கலாமா, தொடவே கூடாதா என்று சொல்லலாம். ஆன்சிஸில் ‘சாஃப்ட்’, ‘ஹார்ட்’ என்று இருக்கும். சுவரின் மூன்று விளிம்புகளுக்கும் தொடக்கூடாது என்று வையுங்கள். தொலைவான பக்கங்களுக்கு நெகிழ்வு விடுங்கள். எல்லாவற்றையும் பூட்டினால் மென்பொருளுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

பரப்பு நிரம்பிய பின், சுவரின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பில் 0.1 இருந்தும் அதை விட்டு விலகியதும் கண்கள் சட்டென்று பெரிதாகியிருந்தால், ஜிமெஷின் ‘டிஸ்டன்ஸ்’, ‘த்ரெஷோல்ட்’ என்ற இரண்டு புலங்களைச் சேர்த்து, சுவரிலிருந்து அரை மீட்டர் தொலைவு வரை 0.1 நீடிக்கட்டும் என்று சொல்லலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

ஐந்தாவது: ஓட்டிப் பார்ப்பது, பாதியாக்கிப் பார்ப்பது

மேல்புறப் படுகையில் நீர்மட்டம் 3, கீழ்புறப் படுகையில் 0. மற்ற விளிம்புகளில் எதுவும் கொடுக்க வேண்டாம். கொடுக்காவிட்டால் நீர் கடக்காத சுவர் என்று பொருள். உங்கள் மென்பொருளில் கசிவுப் பிரிவு இல்லையென்றால் வெப்பக் கடத்தல் பிரிவில் ஓட்டுங்கள். நீர்மட்டம் வெப்பநிலையின் இடத்தில் நிற்கும், இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே. இருபடிக் கண்கள் (பக்கங்களின் நடுவிலும் கணு உள்ளவை) கிடைத்தால் அவற்றையே எடுங்கள்.

விடை வந்ததும் சுவரின் வெளிப்பக்கத்தில் படுகைக்கு 0.1 மீட்டர் கீழே உள்ள கணுவின் நீர்மட்டத்தை 0.1-ஆல் வகுங்கள். 0.199-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கோஸ்லாவின் கணக்கு முடிவில்லாத ஆழத்துக்கும் தடிமனே இல்லாத சுவருக்கும் உரியது. நாம் 40 மீட்டரோடு நிறுத்தியிருக்கிறோம், சுவருக்குத் தடிமனும் கொடுத்திருக்கிறோம். எனவே சில சதவீதம் தள்ளி நிற்பது இயல்பு. பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் வலையைக் குறை சொல்லாதீர்கள், எல்லை நிபந்தனையைப் பாருங்கள்.

பிறகு எல்லா விளிம்பின் எண்ணிக்கையையும் இரட்டிப்பாக்குங்கள்; கண்ணின் அளவு பாதியாகும். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள 66-ஐ மாற்ற வேண்டாம். 24 துண்டு வைத்த விளிம்புகளுக்கு ஜிமெஷ் பயன்படுத்துவோர் 49 கணுக்களும் 1.093 வளர்விகிதமும் கொடுக்க வேண்டும். மீண்டும் ஓட்டுங்கள். வெளியேறும் சரிவு அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நின்றால் அந்த எண்ணை நம்பலாம்.

ஆனால் அதே திரையில் வேறு இரண்டு இடங்களில் எண் எகிறியிருப்பதைக் காண்பீர்கள். சுவரின் அடி மூலையில் உச்சச் சரிவு ஏறத்தாழ 26 சதவீதமும், தளத்தின் மேல்புற முனையில் ஏறத்தாழ 41 சதவீதமும் கூடியிருக்கும். இன்னொரு முறை பாதியாக்கினால் மீண்டும் அதே அளவு கூடும். எத்தனை முறை செய்தாலும் இது நிற்காது. உங்கள் தவறு இதில் எதுவுமில்லை. கணிதப்படி அந்த முனைகளில் சரிவுக்கு எல்லையே கிடையாது. வலை நுண்மையாக ஆக அந்த எல்லையின்மையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். என் தொடக்க நாட்களில் அப்படிப்பட்ட ஒரு மூலையில் எண்ணை நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டு நாட்கள் வலையை இழைத்துக்கொண்டே இருந்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த மூலையின் எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள். அங்கே நெருக்கம் வைப்பது அந்த மூலையின் கோளாறு அக்கம்பக்கத்து விடையைக் கெடுக்காமல் இருப்பதற்கே.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். சுவரை அழித்துவிட்டுத் தளத்தை மட்டும் வைத்து ஓட்டுங்கள். இப்போது வெளியேறும் இடமும் மேல்புற முனையைப் போலவே நடந்துகொள்ளும். பாதியாக்கும்போதெல்லாம் அங்கேயும் எண் ஏறும். கோஸ்லாவின் சூத்திரத்தில் சுவரின் ஆழத்துக்குச் சுழியம் இட்டால் விடை முடிவிலி ஆவது இதனால்தான். கீழ்புறம் சுவர் இல்லாத தளத்தை மணல்மேல் கட்டக்கூடாது என்று அவர் வலியுறுத்தியது, உங்கள் திரையில் நிற்க மறுக்கும் அந்த எண்ணாகத் தெரியும்.

இனி 0.199-க்கு வருவோம். கோஸ்லா நுண்மணலுக்கு ஆறில் ஒன்று முதல் ஏழில் ஒன்று வரையிலான வெளியேறும் சரிவையே பாதுகாப்பானது என்றார். நம் வாய்க்காலின் மணல் நுண்மணல் என்றால் 3 மீட்டர் சுவர் போதாது. 4 மீட்டர் ஆழத்துக்குக் கையால் போட்டால் 0.165 வருகிறது, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று, வரம்பின் விளிம்பில். வலையில் இதை மாற்ற அதிகம் செய்ய வேண்டியதில்லை: சுவரின் வெளிப்பக்கம் 30-லிருந்து 40 துண்டாகும், உள்பக்கம் 11-லிருந்து 12 ஆகும், கடைசித் துண்டு 0.7 மீட்டரைத் தாண்டும், தளத்தின் 0.6-ஓடு அது ஒத்துப்போகும். மற்ற விளிம்புகளைத் தொட வேண்டாம். மொத்தம் 154, இரட்டைப்படை. அடிப்பக்கத்தை 15 ஆக்கி வைத்திருந்தால் மீண்டும் 14-க்குக் கொண்டுவாருங்கள்.